டிராக் ரேஸிங் சாகிறதா? ரசிகர்களின் புலம்பலில் எதை நம்புவது

கேள்வி இதுதான்: "அமெரிக்காவில் டிராக் ரேஸிங் ரசிகர் யாரிடம் பேசினாலும் 'முன்னைப் போல இல்லை, இன்னும் பத்து வருஷம் தாங்காது' என்கிறார்கள். நிஜமாகவே அவ்வளவு மோசமா, இல்லை எல்லா விளையாட்டிலும் பெரியவர்கள் புலம்புகிற மாதிரிதானா?"

பாதி உண்மை, பாதி பழக்கம். எந்தப் பாதி உண்மை என்பதில்தான் ரசிகர்களே அடித்துக்கொள்வார்கள். 2004-இலிருந்து இந்தக் கூட்டத்தோடு திரிகிறவன் என்ற முறையில் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பார்க்காதவர்களுக்காக முதலில் ஒரு வார்த்தை. நேரான தடம், கால் மைல் நீளம், அதாவது 1,320 அடி. இரண்டு வண்டிகள் நின்ற இடத்திலிருந்து கிளம்பும். முதலில் கோட்டைத் தொட்டவர் அடுத்த சுற்றுக்கு, தோற்றவர் வீட்டுக்கு. வளைவு கிடையாது, நடுவில் டயர் மாற்றுவது கிடையாது. இரண்டாம் உலகப் போர் முடிந்து சும்மா கிடந்த விமான ஓடுதளங்களில் வளர்ந்த ஆட்டம் இது. நம்ம சோழவரம் ரேஸும் அப்படி ஒரு போர்க்கால ஓடுதளத்தில் நடந்ததுதான். கலிபோர்னியாவில் சான்டா அனாவில் 1950-இல் ஓர் ஓடுதளத்தில் டிக்கெட் போட்டு நடத்த ஆரம்பித்தார்கள். அடுத்த வருஷம் வாலி பார்க்ஸ் என்.எச்.ஆர்.ஏ. என்ற சங்கத்தைத் தொடங்கினார். தெருவில் ரேஸ் விட்டுப் போலீஸில் மாட்டுகிற பையன்களை ஒரு வேலிக்குள் கொண்டுவருவதுதான் நோக்கம். இன்றும் பெரிய தொழில்முறைத் தொடர் அந்தச் சங்கத்துடையது. ரசிகர்கள் திட்டுவதும் பெரும்பாலும் அதைத்தான்.

நான் வேலைக்காக வந்து இறங்கிய ஊர் நியூ ஜெர்சியின் எடிசன். தடுக்கி விழுந்தால் இட்லி மாவுக் கடை. அங்கிருந்து அரை மணி நேரம் காரை ஓட்டினால் எங்கிலீஷ்டவுன், 1965-இல் திறந்த டிராக் ஸ்ட்ரிப். அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரர், அப்போதே அறுபது வயதை நெருங்கியவர், ஒரு ஜூன் மாதம் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். இந்த விளையாட்டில் டிக்கெட் வாங்கிய எவரும் வண்டிகளைப் பழுது பார்க்கும் இடத்துக்குள் நேராக நடந்து போகலாம். கயிற்றுக்கு அந்தப் பக்கம் எட்டு பத்துப் பேர் ஓர் எஞ்சினைக் குடலைப் பிரித்த மாதிரிப் பிரித்துப் போட்டு, ஒரு மணி நேரத்துக்குள் மறுபடி பூட்டிக்கொண்டிருந்தார்கள். பூட்டி முடித்ததும் சோதனைக்காக ஸ்டார்ட் செய்தார்கள். பெரியவர் காதில் வைக்க இரண்டு பஞ்சு பிளக்கை என் கையில் திணித்து, "வாயைத் திறந்து வைத்துக்கொள்" என்றார். ஏன் என்று கேட்பதற்குள் நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. எரிபொருளான நைட்ரோமீத்தேனின் புகை கண்ணில் பட்டதும், மூடிய அடுக்களையில் மிளகாய் வற்றல் கருகினால் எப்படி இருமுவோமோ அப்படி இருபது முப்பது பேர் இருமிக்கொண்டே ஓடினோம். சிரித்துக்கொண்டே திரும்பி வந்தோம். ஒரு பாட்டியம்மாள் மட்டும் நகரவே இல்லை. கண்ணில் தண்ணீர் வழிய, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அந்த வண்டிக்குப் பெயர் டாப் ஃப்யூயல் டிராக்ஸ்டர். 500 கன அங்குல வி8 எஞ்சின், மேலே சூப்பர்சார்ஜர், எரிபொருளில் 90 சதவீதம் நைட்ரோமீத்தேன், 11,000 குதிரைத்திறனுக்கு மேல். ஒரு ஓட்டம் நான்கு நொடிக்கும் குறைவு. கிளம்புவதற்கு முன் டயரைத் தேய்த்துச் சூடாக்குவதையும் சேர்த்தால் நாற்பது ஐம்பது லிட்டர் எரிபொருளைக் குடித்துவிடும். இதைத் தொலைக்காட்சியில் பார்ப்பது கல்யாணச் சாப்பாட்டைப் போட்டோவில் பார்ப்பது மாதிரி. இந்த விளையாட்டுக்குப் புதிய ரசிகர்கள் ஏன் மெதுவாக வருகிறார்கள் என்பதற்கு என்னிடம் உள்ள முதல் விளக்கம் இதுதான். சத்தத்தையும் அதிர்வையும் கேமரா பிடிக்காது. போய் நின்றவன்தான் ரசிகன் ஆவான், போய் நிற்க ஊரில் ஒரு ஸ்ட்ரிப் வேண்டும். இந்தக் கடைசி விஷயத்துக்குப் பிறகு வருகிறேன், உண்மையான பிரச்சினை அங்கேதான் இருக்கிறது.

சரி, புலம்பல்களுக்கு வருவோம்.

ஐம்பதைத் தாண்டிய ரசிகர் யாரிடமாவது வாய் கொடுத்தால் முதலில் வருவது "ஆயிரம் அடி". 2008 ஜூன் 21, அதே எங்கிலீஷ்டவுன், சனிக்கிழமைத் தகுதிச் சுற்று. ஸ்காட் கலிட்டாவின் ஃபன்னி கார் (அதே மாதிரி நைட்ரோ எஞ்சின், மேலே சாதாரணக் காரின் சாயலில் ஓர் உறை) எஞ்சின் கோட்டுக்கு அருகில் வெடித்தது. பாராசூட் வேலை செய்யவில்லை. தடத்தின் முடிவில் இருந்த மணல் படுகையையும் தாண்டிப் போய் மோதியது. அவர் உயிர் பிழைக்கவில்லை. 1994, 1995 இரண்டு வருஷமும் டாப் ஃப்யூயல் சாம்பியனாக இருந்தவர், வயது 46. எனக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமைக்கு டிக்கெட் இருந்தது, போகவில்லை. சில வாரங்களில் சங்கம் நைட்ரோ வண்டிகளுக்கு மட்டும் தூரத்தை 1,320 அடியிலிருந்து 1,000 அடியாகக் குறைத்தது. ஏதோ தற்காலிக ஏற்பாடு என்கிற தோரணையில்தான் அன்று அறிவித்தார்கள். அப்படியே நிலைத்துவிட்டது.

பழைய ரசிகர்களுக்கு இது ஆறாத புண். அவர்கள் சொல்வதில் ஒரு நியாயம் உண்டு. கால் மைல் என்பது வெறும் தூரம் இல்லை, அளவுகோல். உங்கள் வீட்டு ஹோண்டாவும் சாம்பியனின் டிராக்ஸ்டரும் ஒரே தூரத்தை ஓடினால்தான் "என் வண்டி 17 நொடி, அவன் நாலரை நொடி" என்று ஒப்பிட்டு வியக்க முடியும். டோனி ஷூமாக்கர் 2006-இல் ஓடிய 4.428 நொடி இனி யாராலும் தொட முடியாத சாதனையாக உறைந்து நிற்கிறது. தோற்கடிக்கப்படவே முடியாத சாதனை ஒரு விளையாட்டுக்கு நல்லதில்லை என்று என் பெரியவர் சொல்வார்.

இருந்தாலும் இந்த ஒரு விஷயத்தில் நான் அவர்கள் பக்கம் இல்லை. தடத்தின் முடிவில் வண்டி நிற்பதற்கு விட்ட இடம், எங்கிலீஷ்டவுன் மாதிரி பழைய ஸ்ட்ரிப்களில், 1960-களின் வேகத்துக்குக் கணக்குப் போட்டது. அந்தக் காலத்து நட்சத்திர ஓட்டுநர் டான் கார்லிட்ஸ் மணிக்கு 200 மைல் வேகத்தைத் தொட்டதே 1964-இல்தான். 1992 மார்ச்சில் கென்னி பெர்ன்ஸ்டீன் கெய்ன்ஸ்வில்லில் 301.70 மைல் ஓடி முதன்முதலாக 300-ஐத் தாண்டினார். தடத்தின் பின்னால் இருக்கும் சாலையும் வேலியும் இதற்கேற்ப நகர்ந்து கொடுக்குமா? தூரத்தைக் குறைத்து வேகத்தை மட்டுப்படுத்தப் பார்த்தார்கள், வேகம் கேட்கவில்லை. 2025-இல் பிரிட்டனி ஃபோர்ஸ் ஆயிரம் அடிக்குள்ளேயே 340 மைலைத் தாண்டிவிட்டார். கிலோமீட்டரில் சொன்னால் 547-க்கு மேல். அந்த வண்டியை இன்னும் 320 அடி ஓடவிட்டு, பிறகு நிறுத்தச் சொல்வதா? பாதுகாப்புக்காக வரும் மாற்றம் எதையும் இந்தக் கூட்டம் முதலில் நம்பியதில்லை. 1970 மார்ச்சில் லயன்ஸ் ஸ்ட்ரிப்பில் கியர் பகுதி வெடித்து கார்லிட்ஸின் வலது பாதத்தில் ஒரு பகுதி போனது. எஞ்சின் ஓட்டுநருக்கு முன்னால் இருந்தால் இப்படித்தான் ஆகும் என்று மருத்துவமனையில் படுத்துக்கொண்டே யோசித்து, எஞ்சினை முதுகுக்குப் பின்னால் வைத்த வண்டியோடு திரும்பி வந்தார். அது நேராகவே ஓடாது என்றவர்கள் அநேகம் பேர். 1971-இல் அதை வைத்தே ஜெயித்துக் காட்டினார். கொஞ்ச வருஷத்தில் முன்-எஞ்சின் டிராக்ஸ்டர் பழைய கதை ஆகிவிட்டது.

ஆக ஆயிரம் அடி புலம்பலை ஏக்கம் என்று ஒதுக்கலாம். அடுத்த புலம்பலை ஒதுக்க முடியாது: வண்டிகளே இல்லை.

ஒரு போட்டியில் ஒவ்வொரு பிரிவிலும் 16 வண்டிகளுக்கு இடம். ஒரு காலத்தில் அந்த 16 இடத்துக்கு முப்பது நாற்பது வண்டிகள் முட்டி மோதும். வெள்ளி, சனி தகுதிச் சுற்றுகளில் யார் உள்ளே, யார் வெளியே என்பதே தனி நாடகம். சொந்தமாக ஒரு கராஜ் வைத்திருக்கிறவர் டிரக்கை அடமானம் வைத்து வந்து பெரிய அணி ஒன்றை வெளியே தள்ளிவிடுவார். இப்போது டாப் ஃப்யூயலில் பல போட்டிகளுக்கு 16 வண்டிகூடச் சேருவதில்லை. வந்தவர் எல்லோருக்கும் இடம் உறுதி என்றால் தகுதிச் சுற்றை ஏன் பார்க்க வேண்டும்? அதிலும் முன்பு நான்கு தடவை நடந்த சுற்று, பெருந்தொற்றுக் காலத்துக்குப் பிறகு பெரும்பாலும் மூன்றாகிவிட்டது. மூன்று நாள் டிக்கெட் வாங்கியவர் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரே ஒரு நைட்ரோ ஓட்டம் பார்த்துவிட்டு ஓட்டலுக்குத் திரும்புகிறார். நடுவில் ஒருவர் எஞ்சின் வெடித்துத் தடத்தில் எண்ணெய் கொட்டினால் துடைத்து முடிக்க அரை மணி, முக்கால் மணி நேரம். அலுமினிய பெஞ்சில் வெயிலில் உட்கார்ந்து பார்த்தவனுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

வண்டி குறைந்ததற்குக் காரணம் பணம்தான். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கிளட்ச் தட்டுகள், பிஸ்டன்கள் என்று ஆயிரக்கணக்கான டாலர் போகிறது. 1975 முதல் 2001 வரை வின்ஸ்டன் சிகரெட் கம்பெனி தொடரைத் தாங்கியது. புகையிலை விளம்பரத்துக்குக் கட்டுப்பாடு வந்ததும் அது விலகியது. பிறகு கோக கோலாவின் பானங்கள். 2020-இல் அந்த உறவு கோர்ட்டுக்குப் போய் முடிந்தது. அப்புறம் கேம்பிங் வேர்ல்ட், 2023-இலிருந்து மிஷன் ஃபுட்ஸ் என்ற டார்ட்டியா கம்பெனி. தலைப்பு ஸ்பான்சர் மாறிக்கொண்டே இருந்தாலும் தொடர் ஓடிவிடும். கஷ்டப்படுவது ஓட்டுகிறவர்கள்தான். பரிசுத் தொகை செலவுக்கு ஈடாக ஏறவே இல்லை என்பது ரேஸர்களின் நெடுநாள் குறை. 2024 பிப்ரவரியில் தொழில்முறை ரேஸர்களின் அமைப்பே ஃப்ளோரிடாவின் பிரேடன்டனில் தனியாக ஒரு போட்டி வைத்து, டாப் ஃப்யூயலிலும் ஃபன்னி காரிலும் ஜெயித்தவருக்குத் தலா இரண்டரை லட்சம் டாலர் கொடுத்தது. ரசிகர்கள் நடுவில் அன்று ஒரே கேள்வி: இவர்களால் முடிகிறது என்றால் சங்கத்தால் ஏன் முடியவில்லை? கேள்வி நியாயம்தான். வருஷத்துக்கு ஒரு கல்யாணம் நடத்துவது வேறு, இருபது ஊரில் வரிசையாக நடத்துவது வேறு என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

ப்ரோ ஸ்டாக் பிரிவில் வேறு மாதிரி நோய். தெருவில் ஓடும் காரின் சாயலில் இருக்கும் வண்டிகள், ஃபோர்டு ரசிகனும் செவர்லே ரசிகனும் சட்டையைப் பிடித்துக்கொண்ட பிரிவு. இன்று கிட்டத்தட்ட எல்லாமே செவர்லே கமாரோ. இரண்டு மூன்று பெரிய அணிகள் எஞ்சினைக் கட்டி மற்றவர்களுக்கு வாடகைக்கு விடுகின்றன. 2016-இல் கார்ப்யூரேட்டரை எடுத்துவிட்டு ஃப்யூயல் இன்ஜெக்ஷன் கொண்டுவந்தார்கள், இளைஞர்கள் வருவார்கள் என்று. 2019-இல் 24 போட்டிகளில் 18-இல் மட்டும்தான் இந்தப் பிரிவையே நடத்தினார்கள். எரிகா எண்டர்ஸ் ஆறு பட்டம் வென்ற பிரிவு என்று பெருமையாகச் சொல்லலாம். ஆனால் நான் கூட்டிப் போன நண்பர்கள் எல்லோரும் ப்ரோ ஸ்டாக் வரும்போதுதான் சாப்பாடு வாங்கப் போனார்கள்.

'கவுண்ட்டவுன்' பற்றியும் சண்டை உண்டு. கார் ரேஸில் பிளே-ஆஃப் மாதிரி: இண்டியானாபோலிஸ் போட்டியோடு புள்ளிகளை அழித்து நெருக்கமாக்கி, கடைசி ஆறு போட்டிகளில் சாம்பியனைத் தீர்மானிப்பது. 2007-இலிருந்து உண்டு. 2017-இல் வருஷம் முழுக்க முன்னணியில் இருந்த ஸ்டீவ் டோரன்ஸ் கடைசி நாளில் பட்டத்தை பிரிட்டனி ஃபோர்ஸிடம் இழந்தார். அடுத்த வருஷம் அந்த ஆறு போட்டிகளையும் ஒன்று விடாமல் அவரே ஜெயித்தார். முறை பிடிக்காதவர்கள் முதல் கதையைச் சொல்வார்கள், பிடித்தவர்கள் இரண்டாவதை. எனக்கு இதில் பெரிய அக்கறை இல்லை. ஸ்டாண்டில் உட்கார்ந்திருக்கிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அன்றைய தேதியில் புள்ளிப் பட்டியலில் யார் நாலாவது என்று தெரியாது.

நட்சத்திரங்கள் இல்லை என்றும் சொல்கிறார்கள். 16 பட்டம், 157 வெற்றி கண்ட ஜான் ஃபோர்ஸ், மைக்கை நீட்டினால் போதும், பத்து நிமிஷம் கச்சேரி நடத்துவார். 2024 ஜூனில் விர்ஜினியாவில் எஞ்சின் வெடித்துச் சுவரில் மோதி, 75 வயதில் தலையில் பலத்த காயம். அதற்குப் பிறகு போட்டி ஓட்டவில்லை. அந்த இடம் காலி என்பது உண்மை. மற்றபடி ஆன்ட்ரன் பிரவுன், டோனி ஸ்டூவர்ட் மாதிரி ஆட்கள் இருக்கிறார்கள். நாஸ்கார் என்ற பெரிய கார் ரேஸ் தொடரில் பட்டங்களை வென்ற ஸ்டூவர்ட் வயது ஐம்பதைத் தாண்டிய பிறகு இங்கே வந்து டாப் ஃப்யூயல் ஓட்டுவது சாகிற விளையாட்டின் அறிகுறியாக எனக்குத் தோன்றவில்லை. பெண்கள் விஷயத்தில் மற்ற மோட்டார் விளையாட்டுகள் இதன் பக்கத்தில்கூட வர முடியாது. ஷெர்லி மல்டௌனி 1977-லேயே டாப் ஃப்யூயல் சாம்பியன். இங்கே ஒரு பெண் ஜெயித்தால் அது தனிச் செய்தியே இல்லை.

இதுவரை சொன்னது எல்லாம் மேல்தட்டு. இப்போது என் ஹோண்டா அக்கார்டு கதைக்கு வருகிறேன். அதைச் சொல்லாமல் இந்த விளையாட்டு உயிரோடு இருக்கிறதா என்று சொல்ல முடியாது.

எங்கிலீஷ்டவுனில் அப்போது வாரநாள் சாயங்காலங்களில் தெரு வண்டிகளுக்கான இரவு உண்டு. சின்னக் கட்டணம் கட்டி, வண்டிக்கு அடியில் எதுவும் ஒழுகவில்லை என்று பார்த்துவிட்டால் போதும், நீங்களும் ஓடலாம். 14 நொடியைவிட மெதுவான வண்டிக்கு ஹெல்மெட்கூடக் கட்டாயம் இல்லை. நான்கு சிலிண்டர் அக்கார்டோடு வரிசையில் நின்றேன். முன்னால் இருந்தவன் ஒரு மஸ்டாங்கில் டயரைத் தேய்த்துப் புகை கிளப்பினான். என் முறை வந்தது. பக்கத்துத் தடத்தில் ஒரு பெரியவர், மினிவேன், பின்சீட்டில் குழந்தை உட்காரும் இருக்கைகூட அப்படியே இருந்தது. சிரித்துக்கொண்டேன். கம்பத்தில் மஞ்சள் விளக்குகள் ஒவ்வொன்றாக இறங்கி வந்தன. 'கிறிஸ்துமஸ் ட்ரீ' என்பார்கள், 1963-இலிருந்து இருக்கிறது. பச்சையைப் பார்த்த பிறகுதான் காலை வைத்தேன். கடைசி மஞ்சளிலேயே கிளம்ப வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நான் அசைவதற்குள் மினிவேனின் பின்கண்ணாடி தெரிந்தது. கையில் கொடுத்த சீட்டில் 17.2 நொடி என்று இருந்தது. அவருக்கு 17.4. மெதுவான வண்டி, ஆனால் ஜெயித்தது அவர். சீட்டில் உள்ள நேரம் வண்டி அசைந்ததிலிருந்துதான் கணக்கு; விளக்குக்கு நான் முக்கால் நொடி தூங்கியிருந்தேன்.

அந்தச் சீட்டு இன்னும் என் பர்ஸில் இருக்கிறது.

அந்தப் பெரியவர் பிராக்கெட் ரேஸ்காரர் என்று பிறகு தெரிந்தது. அது இன்னும் சுவாரஸ்யம். உங்கள் வண்டி எத்தனை நொடியில் ஓடும் என்று நீங்களே முன்கூட்டி எழுதித் தர வேண்டும். அதற்கு டயல்-இன் என்று பெயர். நீங்கள் 17.40, எதிராளி 11.20 என்றால் உங்களுக்கு ஆறு சொச்சம் நொடி முன்னதாகப் பச்சை விழும். அப்படியானால் பொய்யாக அதிக நேரம் எழுதித் தரலாமே? முடியாது. எழுதியதைவிட வேகமாக ஓடினாலும் தோல்வி. ஆகவே பணக்கார வண்டி ஜெயிக்காது, தன் வண்டியை அறிந்தவர்தான் ஜெயிப்பார். காற்றின் ஈரம், வெயில், டேங்கில் எவ்வளவு பெட்ரோல் என்று எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வைத்திருக்கும் ஆட்களைப் பார்த்தால் பஞ்சாங்கக் கணக்கு நினைவுக்கு வரும். அமெரிக்கா முழுக்க வாரக்கடைசியில் ஓடுகிறவர்களில் பெரும்பாலோர் இந்த வகை. அவர்கள் பிள்ளைகளுக்கு ஐந்து வயதிலிருந்து அரை அளவு டிராக்ஸ்டர், 1992-இலிருந்து அதற்குத் தனி லீக். பெரிய போட்டிகளின் ஸ்டாண்டில் உட்கார்ந்து சங்கத்தைத் திட்டுகிறவர்களும் இவர்களே.

இங்கேதான் இந்த ரசிகர்களின் கருத்தை எப்படி எடுத்துக்கொள்வது என்பதற்கான சாவி இருக்கிறது. கிரிக்கெட் ரசிகன் பெரும்பாலும் பார்வையாளன். டிராக் ரேஸ் ரசிகனுக்கு வீட்டு ஷெட்டில் பாதி பிரித்த வண்டி ஒன்று நிற்கும். அவன் புலம்பல் தியேட்டரில் படம் சரியில்லை என்கிற புலம்பல் இல்லை. ஊர்க் கோயில் திருவிழாவை இந்த வருஷம் சரியாக நடத்தவில்லை என்கிற பங்காளியின் புலம்பல். சத்தம் அதிகமாக இருக்கும், ஆனால் விட்டுப் போக மாட்டான்.

இன்னொரு பக்கம் இளைஞர் கூட்டம் மொத்தமாக வேறு வாசல் வழியாக உள்ளே வருகிறது. 2013-இல் ஆரம்பித்த ஒரு தொலைக்காட்சித் தொடர் தெரு ரேஸ்காரர்களை நட்சத்திரம் ஆக்கியது. தடத்தில் பசை போட்டுப் பிடிப்பு ஏற்றாமல் ஓடும் 'நோ-ப்ரெப்' போட்டிகள் அதன் பின்னால் வளர்ந்தன. ஒவ்வொரு நாளும் வேறு வேறு ஸ்ட்ரிப்பில் ஓடி, நடுவில் அதே வண்டியைச் சாலையில் நூற்றுக்கணக்கான மைல் ஓட்டிப் போகும் 'டிராக் வீக்' 2005-இலிருந்து இருக்கிறது. யூடியூபில் புகழ் பெற்ற ஓர் இளைஞர் ஒரு டிராக் ஸ்ட்ரிப்பையே விலைக்கு வாங்கியிருக்கிறார். பழைய ரசிகர்களுக்கு இவர்களைக் கண்டால் ஆகாது, "நேரம் காட்டும் பலகையையே மூடி வைத்துவிட்டு என்ன ரேஸ்?" என்பார்கள். எந்த வண்டி எவ்வளவு ஓடும் என்பதைப் பந்தயக்காரர்கள் ரகசியமாக வைப்பதால் அங்கே பலகை இருளில் இருக்கும். இளையவர்கள் பதிலுக்கு, "நாலு நொடி ஓட்டத்துக்கு நாற்பது நிமிஷம் காத்திருக்க என்னால் ஆகாது" என்கிறார்கள். இரண்டு பேரும் ஒரே பந்தலில் வேறு வேறு பந்தியில் உட்கார்ந்து சாப்பாடு சரியில்லை என்கிறார்கள். மின்சார வண்டி என்றால் மட்டும் இரண்டு கோஷ்டியும் ஒன்று சேர்ந்து முகம் சுளிக்கும். முன்-எஞ்சின் காலத்து கார்லிட்ஸே எண்பது வயதைத் தாண்டியும் மின்சார டிராக்ஸ்டர் ஓட்டினார் என்று சொன்னால், பேச்சை மாற்றிவிடுவார்கள்.

இனி நான் தள்ளி வைத்த விஷயம்: நிலம்.

2018 ஜனவரியில் ஒரு நாள் காலை எங்கிலீஷ்டவுன்காரர்கள், இனி டிராக் ரேஸ் கிடையாது, இன்றோடு நிறுத்துகிறோம் என்று அறிவித்தார்கள். விடைகொடுக்க ஒரு கடைசிப் போட்டிகூட இல்லை. என் அலுவலகப் பெரியவர் எனக்கு போன் செய்து ஒன்றும் பேசாமல் கொஞ்ச நேரம் இருந்தார். அட்லாண்டாவுக்கு வடக்கே காமர்ஸ் ஊரின் ஸ்ட்ரிப் 2021-இல் போனது. ஹூஸ்டனை அடுத்த பேடவுன் 2023 ஏப்ரலில். அதே வருஷம் டென்வரை ஒட்டிய பாண்டிமேர், 1958-இலிருந்து ஒரே குடும்பம் நடத்தியது, மலைச் சரிவில் கடல் மட்டத்துக்கு 5,800 அடி உயரத்தில், காற்று மெலிந்த இடத்தில் எஞ்சினை எப்படி மூச்சுவிட வைப்பது என்று மெக்கானிக்குகள் மண்டையைப் பிய்த்துக்கொள்ளும் தடம். லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் இர்விண்டேல் 2024 டிசம்பரில்.

கதை எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஸ்ட்ரிப் கட்டியபோது சுற்றிலும் வயல், தரிசு. ஐம்பது வருஷத்தில் ஊர் வளர்ந்து வந்து வேலியில் முட்டுகிறது. புதிதாக வீடு வாங்கினவர், ஞாயிற்றுக்கிழமை குழந்தை தூங்கவில்லை என்று நகராட்சியில் மனுக் கொடுக்கிறார். சட்டப்படி அவருக்கும் உரிமை உண்டு. நானும் அவர் இடத்தில் இருந்தால் கொடுத்திருப்பேனோ என்னவோ. நிலத்தின் விலை ஏறுகிறது, சொத்து வரி ஏறுகிறது. தாத்தா கட்டிய ஸ்ட்ரிப்பைப் பேரன்கள் விற்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வருஷத்தில் சில வாரம் மட்டும் நன்றாகச் சம்பாதிக்கும் தொழிலுக்காக அந்த அளவு நிலத்தைக் கையில் வைத்திருக்க யாருக்கு முடியும்?

பெரிய தொடருக்கு இதனால் உடனே ஆபத்து இல்லை. ஓர் ஊர் போனால் வேறு ஊர் கிடைக்கும். பெரிய போட்டிகள் சிலவற்றில் எல்லா டிக்கெட்டும் விற்றுத் தீர்ந்தது என்று சங்கம் அறிவித்துக்கொண்டுதான் இருக்கிறது; கூட்டத்தை நானே பார்த்திருக்கிறேன், பொய் இல்லை. ஆனால் எடிசனுக்கு இன்று புதிதாக வேலைக்கு வரும் ஒரு பையன் தன் காரை எங்கே ஓட்டுவான்? பக்கத்தில் இருக்கும் பெரிய ஸ்ட்ரிப் பென்சில்வேனியாவின் மேப்பிள் க்ரோவ், போக இரண்டு மணி நேரம். வேலை முடிந்து சாயங்காலம் போய் ஓடிவிட்டு வர முடியாது. அவனுக்கு அந்த 17.2 நொடிச் சீட்டு கிடைக்காது. கிடைக்காவிட்டால் ஆளில்லாத நெடுஞ்சாலையில் நள்ளிரவில் ஓட்டுவான். வாலி பார்க்ஸ் 1951-இல் எதைத் தடுக்கப் புறப்பட்டாரோ அதே இடத்துக்குச் சுற்றி வந்துவிடுவோம். ஆயிரம் அடியையும் கவுண்ட்டவுனையும் சங்கம் நினைத்தால் ஒரு கூட்டத்தில் மாற்றிவிடலாம். வீடு கட்டிய நிலத்தில் மறுபடி ஸ்ட்ரிப் போட யாராலும் ஆகாது. ரசிகர்கள் புலம்புகிற அத்தனை விஷயத்திலும் நான் பயப்படுவது இது ஒன்றுக்குத்தான். வேடிக்கை என்னவென்றால் ஸ்டாண்டில் இதைப் பற்றித்தான் பேச்சு குறைவு. தன் ஊர் ஸ்ட்ரிப் மூடும் வரை ஒவ்வொருவருக்கும் அது அடுத்த ஊர்ச் செய்தி.

ஆகையால் அந்தப் "பத்து வருஷம் தாங்காது" என்பதற்கு என் பதில்: நைட்ரோ கச்சேரி தாங்கும், கொஞ்சம் மெலிந்து, கொஞ்சம் விலை ஏறி. சனிக்கிழமை இரவு பிராக்கெட் ரேஸ், ஸ்ட்ரிப் இருக்கும் ஊரில் எல்லாம் தாங்கும். பெரிய நகரங்களை ஒட்டி மட்டும் அது வேகமாக மறைந்துகொண்டிருக்கிறது.

நீங்களே போய்ப் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்றால், கிழக்குப் பக்கம் இருப்பவர்களுக்கு மேப்பிள் க்ரோவ் வசதி. தேசியத் தொடர் பெரும்பாலும் செப்டம்பரில் அங்கே வரும். வெள்ளிக்கிழமைக்கே போங்கள், சாயங்காலச் சுற்று இருட்டும் நேரத்தில் ஓடினால் எக்ஸாஸ்ட் குழாயிலிருந்து ஆளுயரத் தீ கிளம்புவது தெரியும். கோடு முடியும் இடத்தில் உட்காராதீர்கள், கிளம்பும் இடத்துக்குப் பக்கமாக உட்காருங்கள். பஞ்சு பிளக் மட்டும் போதாது, அதற்கு மேல் மூடியும் வேண்டும். குழந்தைகள் வந்தால் முதலில் அவர்களுக்கு மாட்டுங்கள். பக்கத்தில் தொப்பி போட்ட ஒரு பெரியவர் உட்கார்ந்து, "1,320 அடி ஓடின காலத்தில் வந்திருக்கணும்" என்று ஆரம்பித்தால் குறுக்கே பேசாதீர்கள். அடுத்த ஜோடி வண்டி வர எப்படியும் சில நிமிஷம் ஆகும்.